மேலது என்னும் பேரறிஞர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாக எதையும் செய்யவில்லை, எங்கள் பல்கலைக்கழக நூலகம் 'ஆய்வு மாணவர்களுக்கான நூல் தேடும் திறன் மேம்பாட்டு முகாம்' நடத்தும் வரை. முகாமின் ஒருங்கிணைப்பாளன் நான் என்பதால் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

முகாமுக்குத் தனிக் கூடம் தேவைப்பட்டது. நூலகத்தில் எங்கே இடம்? திரும்பிய பக்கமெல்லாம் புத்தகம். இயக்குநர் தீர யோசித்து, மேல்மாடிப் புத்தகங்களை மூட்டை கட்டி நிலவறையில் போடச் சொன்னார். வாசிக்கும் மேசைகளும் கூடவே இறங்கின. அவை இருந்த இடத்தில் குளிர்சாதனம், பெரிய திரை, சுழல் நாற்காலிகள் ஏறின. புத்தகம் தேடக் கற்றுக்கொடுப்பதற்காகப் புத்தகங்களை அப்புறப்படுத்தலாமா என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"எல்லாம் கண் முன்னாடியே இருந்தா அவங்க எதைய்யா தேடுவாங்க?" என்றார்.

இந்தத் தொலைநோக்கு இல்லாததால்தான் நான் இன்னும் உதவி நூலகராகவே காலம் தள்ளுகிறேன்.

முகாமைத் தொடங்கிவைத்தவர் ஆய்வுத் துறைத் தலைவர். "தேடுங்கள், தேடிக்கொண்டே இருங்கள்" என்று உருக்கமாகப் பேசினார். பேசி முடித்துவிட்டு வெளியே போகும் வழியைத் தேடினார். நூலகத்துக்குள் அவர் வருவது அதுவே முதல் தடவை. பிறகு நான் முதல் பாடம் எடுத்தேன். திரையில் ஒரு புத்தகத்தின் படத்தைக் காட்டி, இதுதான் புத்தகம் என்று விளக்கினேன். பலர் குறிப்பெடுத்தார்கள்.

இடைவேளையில் படிக்கட்டு அம்மா என்னிடம் வந்தார். அவர் ஆய்வு மாணவி. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பார், மாலையில் இங்கே வருவார். மேல்மாடி மேசைகள் போனபின் படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுவதால் எங்களுக்குள் அந்தப் பெயர். அந்த மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவருடைய பதிவு ரத்தாகிவிடும். "உங்க மிஸ் இன்னுமா உன்னைப் பாஸ் போடல?" என்று மகளே கேட்கிறாளாம்.

"சார், மேலதுன்னு ஒருத்தர் எழுதின புத்தகம் இங்க இருக்கா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ஒரே நூலை அடுத்தடுத்துச் சுட்டும்போது, அதன் பெயரைத் திரும்ப எழுதாமல் 'மேலது' என்று போடுவது மரபு. மேலே சொன்ன அதே நூல் என்று பொருள். படிக்கட்டு அம்மாவும் கடைசி அத்தியாயத்தில் அப்படித்தான் போட்டிருந்தார். அவருடைய நெறியாளர் நம் துறைத் தலைவர். அத்தியாயத்தைப் புரட்டிய அந்தப் பெருமகன், "யாரும்மா இந்த மேலது? பக்கத்துக்குப் பக்கம் அந்த ஆளையே புடிச்சுத் தொங்கறே. அவரோட மூல நூலைக் கொண்டுவந்து காட்டு, அப்புறம் கையெழுத்து" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. பெரிய பதவியில் இருப்பவர்கள் மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கீழே இருப்பவர்களைப் பார்க்கவே அவர்களுக்கு நேரம் போதாது.

"நீங்க விளக்கிச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"போன வருஷம் ஒருத்தர் அவரைத் திருத்தினார் சார். இப்ப கூரியர் கம்பெனில இருக்கார்."

மனசு கேட்காமல் நான் இயக்குநரிடம் போனேன். துறைத் தலைவர் கேட்கும் நூல் இல்லை என்றால் நூலகத்தின் மானம் என்னாவது என்று அவர் பதறிவிட்டார். தாமே கணினியில் தட்டினார். பொருத்தமான முடிவுகள் இல்லை என்றது கணினி. ஆகவே, நூல்கள் தொலைந்துவிட்டன. மூட்டை கட்டியபோது மேற்பார்வை பார்த்தது யார்? அடியேன். மேலது அவர்களின் அரிய நூல்களைத் தொலைத்ததற்காக என்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று வாயாலேயே விளக்கம் கேட்டார்.

"சார், மேலதுன்னு ஒரு ஆளே இல்ல சார்."

இயக்குநர் முகம் வாடிவிட்டது. "அடடா. எப்ப?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் துறைத் தலைவருக்குத் தொலைபேசியில் துக்கச் செய்தி போய்விட்டது.

நிறைவு விழாவுக்குத் துறைத் தலைவர் கனத்த முகத்தோடு வந்தார். படிக்கட்டு அம்மா அத்தியாயத்தை நெஞ்சோடு அணைத்தபடி படிக்கட்டில் நின்றார். பதிவு முடிய அன்றே கடைசி நாள். நான் தலைவரின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன்: "அவரோட புத்தகம் எதுவும் இப்ப கிடைக்காது சார். மேல்மாடி காலி."

"அது தெரிஞ்ச விஷயம்தானே" என்று தலைவர் பெருமூச்சு விட்டார். "மேலது எனக்கு ரொம்ப வேண்டியவர்யா. ரெண்டு பேரும் ஒரே மேடையில பேசியிருக்கோம். துளி பந்தா கிடையாது."

இது போதும் எனக்கு.

"அவ்வளவு நெருக்கமா சார்? அப்ப அவர் கருத்து சரியா வந்திருக்கான்னு நீங்க சொன்னாலே போதுமே. மூல நூல் எதுக்கு?"

தலைவர் படிக்கட்டு அம்மாவின் கையிலிருந்து அத்தியாயத்தை வாங்கிப் பக்கங்களைத் தள்ளினார். "ம், அவர் இப்படித்தான் சொல்லுவார். அதே நடை" என்றபடி கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா அடுத்த நொடி அங்கே இல்லை. அலுவலகத்தை நோக்கி அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது, முகாமில் ஒருவராவது எதையோ கண்டடைந்தார் என்று எனக்கு நிறைவாக இருந்தது.

விழாவில் தலைவர் இரங்கலுரை ஆற்றினார். தம் நூல்களில் தாமே அதிகம் மேற்கோள் காட்டியது மேலதைத்தான் என்றார். அது உண்மை. மற்ற பேராசிரியர்களும் தங்கள் பங்குக்குத் தலையசைத்தார்கள். மேலது தன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறார் என்றார் ஒருவர். எல்லாரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தினோம். தலைகுனிந்து நின்ற மாணவர்களின் தோள்கள் குலுங்கின. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஈரமா என்று இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மாணவர்கூட வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் கையெழுத்து வேண்டுமே. ஆய்வுக்கு இன்றியமையாத அந்தத் திறனை நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை, முகாமுக்கு வரும்போதே தேர்ச்சி பெற்றுத்தான் வந்திருந்தார்கள்.

முகாமைப் பற்றி மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையை நான்தான் எழுதினேன். முகாமைத் தொடங்கிவைத்தும் நிறைவுரை ஆற்றியும் பெருமைப்படுத்திய அறிஞர் யார் என்று கேட்டிருந்தார்கள். துறைத் தலைவரின் பெயரைப் பட்டங்கள் ஒன்று விடாமல் எழுதினேன். இத்தகைய பயிற்சி இனி உடனடியாகத் தேவைப்படுபவர் யார் என்பது அடுத்த கேள்வி.

ஒரே பெயரை அடுத்தடுத்து எழுதுவது ஆய்வு மரபல்ல. 'மேலது' என்று போட்டேன்.