மேயர் டர்னிப்பும் ஒரு 'நில்' பலகையும்

பிளம் ஹாலோ சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஊர். கென்டக்கி மலைகளுக்கு நடுவே ஒரு தெரு, ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தீவனக் கடை, இவ்வளவுதான் ஊர். ஆனாலும் வாஷிங்டனில் என்னென்ன உண்டோ அத்தனையும் இங்கேயும் உண்டு. சட்டம் இயற்ற ஐந்து பேர் கொண்ட மன்றம் உண்டு. அதற்கு விளக்கம் சொல்ல வக்கீல் உண்டு. நிறைவேற்ற மாண்புமிகு மேயர் உண்டு.

மாண்புமிகு மேயர் ஒரு நாய்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. சர்ச் கூரை ஒழுகியபோது பணம் திரட்ட ஊரார் ஒரு வழி கண்டார்கள். ஒரு டாலருக்கு ஒரு ஓட்டு, பிடித்த பிராணிக்குப் போடலாம், ஜெயிக்கிற பிராணிதான் மேயர். மற்ற ஊர்க்காரர்கள் இதை விளையாட்டாகச் செய்துவிட்டுப் போவார்கள். பிளம் ஹாலோவுக்கு விளையாட்டு வராது. ஊர்ச் சட்டத்தையே முறைப்படி திருத்தி, நிஜ மேயர் பதவியையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். எல்வுட்டின் தீவனக் கடை வாசலில் கிடந்த டர்னிப் என்ற நீளக்காது வேட்டை நாய் ஒரு ஆட்டையும் இரண்டு பூனைகளையும் தோற்கடித்து அமோக வெற்றி பெற்றது. பதவியேற்பு விழாவில் முழு நேரமும் தூங்கியது. முந்தைய மேயரும் விழாக்களில் தூங்கியவர்தான் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் குடியிருந்தவள் மேவிஸ் டாக்கெட். அவள் மகன் கோல்பிக்கு ஐந்து வயது. தினமும் அவன் அந்தத் தெருவைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகவேண்டும். மேட்டிலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரிகள் ஊர் வந்ததையும் கவனிக்காது, ஊர் போனதையும் கவனிக்காது. இடுப்பில் கைக்குழந்தையோடு, ஒரு கையில் கோல்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தெருவோரம் நிற்கும்போது லாரிக் காற்று பாவாடையைப் பிடித்து இழுக்கும்.

ஒரே ஒரு நிம்மதி, மேயர் டர்னிப் வெயில் காய்வதற்காகச் சில காலைகளில் நடுத்தெருவில் படுப்பார். ஊருக்குள் நாயைக் கயிறில்லாமல் விடக்கூடாது என்று சட்டம் இருந்தது. மேயர் என்பதால் அவருக்கு விலக்கு. அவர் படுத்திருந்தால் லாரிகள் கிறீச்சென்று நிற்கும். பிள்ளைகள் கடந்துபோவார்கள். ஆனால் மழை பெய்தால் மேயர் கடைக்குள் போய்விடுவார். மேகம் போட்டாலே போய்விடுவார்.

"ஒரு பலகை வச்சா போதும். சிவப்பா, 'நில்'லுன்னு. வேற எதுவும் வேண்டாம்" என்று மேவிஸ் வீட்டுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பழகினாள். வெளியே சொல்லத்தான் வரவில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் எல்வுட்தான் அவளுக்காக மன்றத்தில் எழுந்து பேசினார்.

மன்றத் தலைவி வனீட்டா கூம்ஸ் நல்ல மனுஷி. "பலகைதானே, வச்சிடலாம்" என்றாள்.

"பொறுங்க" என்று எழுந்தார் ஊர் வக்கீல் ஹோமர் பிளெட்சோ.

இந்த பிளெட்சோ சமீபத்தில்தான் தலைநகருக்குப் போய் அரசியல் சாசன வகுப்பு ஒன்றில் ஒரு வாரக் கடைசி முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். வரும்போது சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குக் குட்டி அரசியல் சாசனம் ஒன்று வாங்கி வந்தார். ஒரே மாதத்தில் ஊரே வாங்கிவிட்டது. பை வைத்த சட்டை இல்லாதவர்கள் பை தைத்துக்கொண்டார்கள். முடிவெட்டுகிறவர் காதருகே கத்தரி போடும்போதுகூட ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர் பிளெட்சோ மட்டும்தான். அவரும் பாதிவரை.

"பலகை வைக்கிறது நிர்வாகத்தோட வேலை. நாம சட்டம் போடலாம், அவ்வளவுதான். அதிகாரப் பிரிவினைன்னு ஒண்ணு இருக்கு" என்றார் பிளெட்சோ. "தீர்மானம் போடுங்க, மேயர் கையெழுத்துக்கு அனுப்புங்க."

"மேயர் நாயாச்சே வக்கீலய்யா" என்றார் எல்வுட்.

"அது அவரோட சொந்த விஷயம்."

தீர்மானம் நிறைவேறியது. முறைப்படி மேயரின் முன்னிலையில் வைக்கப்பட்டது. மேயர் அதை முகர்ந்து பார்த்தார், இரண்டு முறை நக்கினார், பிறகு தின்றுவிட்டார்.

மன்றம் ஸ்தம்பித்துப் போனது. பிளெட்சோவின் கண்கள் மட்டும் பளபளத்தன. "வீட்டோ! மேயர் தீர்மானத்தை நிராகரிச்சுட்டார்! பிளம் ஹாலோ சரித்திரத்திலேயே முதல் வீட்டோ!"

"சரி, மன்றத்துல மூணுல ரெண்டு பங்கு ஓட்டுப் போட்டு அந்த வீட்டோவைத் தள்ளிடலாமே?" என்றாள் வனீட்டா. அவளும் குட்டிப் புத்தகம் வைத்திருந்தாள்.

"தள்ளலாம். ஆனா அதுக்கு முன்னாடி மேயர் தன்னோட மறுப்பை எழுதி, தீர்மானத்தைத் திருப்பி அனுப்பணும். திரும்பி வந்தாத்தான் மறுபடி எடுக்கமுடியும்."

எல்வுட் யோசித்தார். "திரும்பி வரும். நாளைக்குக் காலையில கடைக்குப் பின்னால வரும். மறுப்பு எழுதியிருக்குமான்னு மட்டும் என்னால உறுதி சொல்ல முடியாது."

பிளெட்சோ அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலை மன்றத்தின் சார்பில் இரண்டு பேர் அனுப்பப்பட்டார்கள். மறுப்பு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை என்று அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அறிக்கை தந்தார்கள். ஆகவே தீர்மானம் சட்டத்தின் கண்களில் இன்னும் மேயரின் பரிசீலனையில்தான் இருக்கிறது என்று முடிவானது.

வேறு வழியில்லாமல் புதிதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். இந்த முறை மேவிஸே கையெழுத்து நாளில் தீவனக் கடைக்குப் போனாள். எல்வுட் மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மேயர் காலைத் தூக்க மறுத்தார். எல்வுட் கெஞ்சினார், வனீட்டா கொஞ்சினாள், பிளெட்சோ சட்டப் பிரிவுகளை வாசித்துக் காட்டினார். மேயர் கொட்டாவி விட்டார்.

கோல்பி காலையில் மிச்சம் வைத்த வறுத்த பன்றி இறைச்சித் துண்டு ஒன்று மேவிஸின் பையில் இருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் அதை நீட்டினாள். மேயர் எழுந்தார், காலைத் தூக்கினார், மையில் வைத்தார், தாளில் பதித்தார், தின்றார். இறைச்சியை.

"ஆச்சு!" என்று எல்வுட் தொப்பியைத் தூக்கிப் போட்டார்.

பிளெட்சோ குனிந்து மேயரின் வாயை முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. "லஞ்சம்" என்றார்.

"அட, நாய்க்கு ஒரு துண்டு கறி..."

"எல்வுட், அரசியல் சாசனத்துல பதவி நீக்கத்துக்குரிய குற்றம்னு பேர் சொல்லி எழுதினது ரெண்டே ரெண்டு. ஒண்ணு தேசத்துரோகம். இன்னொண்ணு லஞ்சம். இது துரோகம் இல்லேன்னு வேணும்னா சந்தோஷப்பட்டுக்கோ."

கையெழுத்து செல்லாது என்றானது. பதவி நீக்க விசாரணை பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் கூடத்தில் நடந்தது. ஊரே சோளப்பொரியோடு வந்திருந்தது. மேயர் ஒருமுறை குரைத்தார். அது முதல் திருத்தத்தின்படி பேச்சுரிமை என்று அனுமதிக்கப்பட்டது. பிறகு மேவிஸை மேடைக்கு அழைத்தார்கள்.

"மேவிஸம்மா, கறித்துண்டை நீங்கதான் கொடுத்தீங்களா?" என்று கேட்டார் பிளெட்சோ.

கூடமே அவளைப் பார்த்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"கேக்குறது காதுல விழுதா அம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

பிளெட்சோ மெல்லத் தன் சட்டைப்பையைத் தொட்டார். குரல் தழுதழுத்தது. "ஐந்தாவது திருத்தம்! தனக்கு எதிரா தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசாம, நம்ம முன்னோர்கள் ரத்தம் சிந்தி வாங்கின உரிமையை நிலைநாட்டிட்டா!"

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. முடிவெட்டுகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ லஞ்சம் கொடுத்தது குத்தமில்லையா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"குடிமகன் கொடுத்தா அதுக்குப் பேரு கோரிக்கை. குறையைச் சொல்லி முறையிடுறது உரிமை. வாங்கினவர்தான் குற்றவாளி."

மேயர் டர்னிப் பதவி நீக்கம் செய்யப்பட்டார். பதவி போனதும் சட்ட விலக்கும் போனது. அன்று மாலையே எல்வுட் அழாத குறையாக அதைக் கடைத் தூணில் கட்டிப்போட்டார்.

அடுத்த தேர்தலில் அரசியல் சாசனத்தில் கரைகண்டவள் ஒருத்திதான் என்று ஊரார் மேவிஸை நிறுத்தினார்கள். மனுஷியும் ஒரு பிராணிதான், சட்டத்தில் தடையில்லை என்றார் பிளெட்சோ. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அது அடக்கம் என்று மேலும் ஓட்டு விழுந்தது.

போகட்டும், பலகையாவது வருமே என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வேலையாகத் தீர்மானம் மேசைக்கு வந்தது. பேனாவை எடுத்தாள். பிளெட்சோ கையைப் பிடித்தார்.

"உங்க பையன் அந்தத் தெருவைக் கடக்குறான் இல்லையா? சொந்த ஆதாயம் இருக்கிற விஷயத்துல நீங்க கையெழுத்துப் போடக்கூடாது மேயரம்மா."

"அப்போ யாரு போடுறது?"

"மேயர்தான் போடணும்."

"நான்தானே மேயர்?"

"அதான் சிக்கல்" என்றார் பிளெட்சோ மிகுந்த திருப்தியோடு.

இப்போது நடுத்தெருவில் நாயும் இல்லை, பலகையும் இல்லை. ஒரு பளிச்சென்ற காலையில், முன்பெல்லாம் டர்னிப் வெயில் காய்ந்திருக்கக்கூடிய அதே வேளையில், கோல்பி அம்மாவின் கையை உதறிக்கொண்டு ஓடினான். மேவிஸ் எட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். லாரி போய்விட்டது. பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி மட்டும் தெருவோடு தெருவாக அப்பளமாகக் கிடந்தது.

கோல்பி பெட்டியைப் பார்த்து அழுதான். மேவிஸ் அழவில்லை. இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நேராக பிளெட்சோவின் வீட்டுக்குள் போனாள். அவர் காலைச் சாப்பாட்டில் இருந்தார். ஒட்டியிருந்த நாக்கு அன்றைக்கு எப்படிப் பிரிந்ததோ, அவளுக்கே தெரியாது.

"யோவ் வக்கீலய்யா, அந்த நாற்காலியில உக்காந்தவ யாரையும் கேக்காம, எவன் சம்மதமும் இல்லாம செய்யக்கூடிய காரியம் ஒண்ணே ஒண்ணாச்சும் அந்தப் புத்தகத்துல இருக்கா இல்லையா?"

பிளெட்சோ முட்டையை விழுங்கினார். "இருக்கு. ஒண்ணே ஒண்ணு. மன்னிப்பு. யார் என்ன குற்றம் பண்ணியிருந்தாலும் மன்னிக்கலாம். யாரும் கேள்வி கேக்கமுடியாது. பதவி நீக்கத்தை மட்டும் மன்னிக்க முடியாது."

"பதவி யாருக்கு வேணும்! ஒரு நாய் கயிறில்லாம திரிஞ்ச குத்தத்தை மன்னிக்கலாமா?"

"தாராளமா. ஆனா குற்றம் நடந்த பிறகுதான் மன்னிக்கணும். நடக்கப்போறதை முன்கூட்டியே மன்னிக்க முடியாது."

"நடக்கவச்சுட்டா போச்சு" என்று மேவிஸ் கிளம்பினாள்.

மறுநாள் முதல் பள்ளிக்கூட நேரத்தில் எல்வுட் கயிற்றை அவிழ்ப்பார். டர்னிப் நடுத்தெருவுக்குப் போய்ப் படுக்கும். குற்றம் நிகழ்ந்துவிடும். லாரிகள் கிறீச்சென்று நிற்கும். பிள்ளைகள் கடப்பார்கள். கடைசிப் பிள்ளை கடந்ததும் மேயர் மேவிஸ் முத்திரையோடு வந்து, நாயின் தலையில் கை வைத்து, "மன்னிச்சாச்சு" என்பாள். மழை நாளில் டர்னிப் வர மறுத்தால் கறித்துண்டு காட்டுவாள். பதவியில் இல்லாத நாய்க்குக் கறி கொடுப்பது லஞ்சமாகாது என்று பிளெட்சோவே சொல்லிவிட்டார்.

இப்படியே சில வாரங்கள் போயின. ஒருநாள் லாரி ஒன்று டர்னிப்பின் வாலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. ஊர் கொதித்தது.

"முன்னாள் மேயருக்கே இந்த ஊர்ல பாதுகாப்பு இல்லையா?" என்று வனீட்டா மன்றத்தைக் கூட்டினாள். யாரும் வீட்டோ என்ற பேச்சே எடுக்கவில்லை. ஐந்து பேரும் ஒரே குரலில் ஆதரித்தார்கள். நாய் மேவிஸுடையது அல்ல என்பதால் அவள் கையெழுத்துப் போடத் தடையில்லை என்று பிளெட்சோ எழுதியே கொடுத்தார். காலையில் தீர்மானம், மாலையில் பலகை. சிவப்பாக, பெரிதாக, 'நில்' என்று நின்றது. கீழே சின்ன எழுத்தில், 'முன்னாள் மேயர் உறங்குமிடம்.'

தீர்மானத்தில் மேலிருந்து கீழ்வரை எங்குமே பிள்ளைகள் என்ற பேச்சில்லை. மேவிஸும் தேடிப் பார்த்துவிட்டு, சேர்க்கச் சொல்லாமல், சத்தம் போடாமல் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த தேர்தலில் ஊரார் டர்னிப்பையே திரும்ப ஜெயிக்கவைத்தார்கள். மேவிஸும் ஒரு டாலர் கொடுத்து அதற்குத்தான் போட்டாள்.

பலகையின் புகழ் பரவி, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு அவளைத் தேடி வந்தாள். "அக்கா, எங்க ஊர்லயும் லாரித் தொல்லை. பிள்ளைங்களுக்காகப் பலகை கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. எங்க மேயர் மனுஷர்தான், ஆனாலும் நடக்கமாட்டேங்குது. நீங்க என்ன சொல்லி வாங்கினீங்க?"

மேவிஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"உங்க ஊர்ல நாய் இருக்கா?"