காருக்கு நான் போட்ட நாமம்

பெயின்ற் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாதவர்கள் பெயின்ற் ரின்னைத் திறக்கவே கூடாது. அவர்கள் வெங்காயம் வெட்டலாம், பஸ் ஓட்டலாம், வேண்டுமானால் ஒரு நாட்டைக்கூட ஆளலாம். பெயின்ற் மட்டும் வேண்டாம். நான் அந்த ரகம். தோசை வேகுமுன் நாலு தரம் கிளப்பிப் பார்க்கிறவள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். கலியாணமாகிக் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து சில மாதங்கள்தான். என் கணவர் சிவநேசனைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தொழிற்சாலையில் மெசின் ஓட்டுகிறார், அதிகம் பேசமாட்டார், எனக்கு முன்பே அவர் வாழ்க்கையில் ஒருத்தி இருக்கிறாள்.

அந்த ஒருத்தி கராஜுக்குள் இருந்தாள். அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த இரண்டு கதவுக் கார். நீளமான போனெற், அதற்குள் லொறியையே இழுக்கக்கூடிய எஞ்சின், பின்சீற்றில் ஏறுகிறவர்கள் முழங்காலை நாடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு இருக்கவேண்டும். யாரோ ஒருவருடைய வளவில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து, வருடக்கணக்காக ஒவ்வொரு ஆணியாகக் கழற்றித் தேய்த்துப் பூட்டி, கரும்பச்சை நிறமும் அடித்து வைத்திருந்தார். எனக்குக் குட்நைற் சொல்ல மறந்துவிடுகிற மனிதர், கராஜ் விளக்கை அணைக்குமுன் அவளுடைய கூரையில் செல்லமாகத் தட்டிவிட்டுத்தான் வருவார்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. போனெற்றில் தொடங்கி டிக்கிவரை ஓடும் இரண்டு வெள்ளைப் பட்டைகள். அந்த மொடல் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததே அப்படித்தானாம். அகலம், இடைவெளி, தொடங்கும் இடம், முடியும் இடம் எல்லாம் அச்சு அசலாக அதேபோல இருக்கவேண்டுமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை யூனியன்வில்லில் பழைய கார்களின் காட்சி. அங்கே கொண்டுபோய் நிறுத்தப்போவதாக வேலையிடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"சைவக்காரற்றை காருக்கு ஏனப்பா நாமம் போடுறியள்? குறுக்கை மூண்டு பட்டை இழுத்தால் திருநீறு மாதிரி வடிவா இருக்குமே?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "இது ஒரிஜினல், மதி" என்றார்.

சரி, ஒரிஜினல் என்றால் ஒரிஜினலாகவே அடித்து முடிக்கலாம் அல்லவா? அதுவும் இல்லை. வேலையால் வருவார், முகம் கழுவுவார், பட்டையின் ஓரத்துக்கு மெல்லிய நீல ஒட்டு ரேப்பைப் போனெற்றில் நேராக இழுத்து ஒட்டுவார். எட்டத்தில் போய் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். உரித்துவிடுவார். "நாளைக்குச் செய்வம்." அடுத்த நாளும் அதே ரேப், அதே ஒற்றைக் கண், அதே பெருமூச்சு.

எனக்கோ உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. வேலைக்கு விண்ணப்பங்கள் போட்டுவிட்டு ரெலிபோனைப் பார்த்தபடி இருந்த காலம் அது. அடுப்பைத் துடைப்பேன். துடைத்த அடுப்பை மறுபடி துடைப்பேன். ஜன்னலுக்கு ஜன்னல் நடப்பேன். பஸ் ஏறிப் பிளாசாவுக்குப் போய், ஒன்றும் வாங்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். இந்த லட்சணத்தில் வீட்டுக்குக் கீழே முடியாத வேலை ஒன்று கிடந்தால் எப்படி இருக்கும்?

வியாழக்கிழமை அதிசயமாக அவர் ரேப்பை உரிக்கவில்லை. தமிழ்க்கடையில் சும்மா கிடைக்கும் பத்திரிகைகளால் கார் முழுவதையும் போர்த்தினார். புடவைக்கடை விளம்பரத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் நடுவே, பட்டை விழவேண்டிய இடம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

"நாளைக்கு வேலையால வந்து அடிக்கிறன். ஒண்டிலையும் கை வைக்காதையும்" என்றார்.

(அப்படிச் சொல்லாமல் போயிருந்தால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது. சத்தியமாய்!)

வெள்ளிக்கிழமை காலை அவர் போன கையோடு நான் கராஜுக்குள் இறங்கினேன். எல்லாம் தயாராக இருந்தது. கோடு அவர் போட்டுவிட்டார், நடுவில் நிறத்தை நிரப்புவதுதானே? சின்னப்பிள்ளைகள்கூடச் செய்வார்கள். அவர் வந்து பார்த்து வாய் பிளந்து நிற்பதையும், 'என்ரை மதி!' என்று சொல்வதையும் கற்பனை செய்தேன். (அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை என்பது கற்பனைக்குத் தெரியாதே.)

தட்டில் ஒரு பெரிய ரின், பக்கத்தில் ஒரு சின்ன ரின். பெரியதில் வெள்ளைப் பெயின்ற். சின்னதைக் கைதவறிக் கொட்டிவிடக் கூடாதே என்று பத்திரமாக எடுத்து மேல்தட்டில் வைத்தேன். அன்று முழுக்க நான் பொறுப்பாக நடந்துகொண்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பெயின்ற் விசிறுகிற மெசினைத் தொடப் பயம். குசினிச் சுவருக்கு அடித்த சின்ன உருளைத் தூரிகையை எடுத்தேன். என்னமாய் உருண்டது தெரியுமா! போனெற், கூரை, டிக்கி என்று பாலாடை போல வெள்ளை படர்ந்தது. இதற்கா இந்த மனிதர் இவ்வளவு நாள் பெருமூச்சு விட்டார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு காய்வதற்காகக் காத்திருந்தேன். அதாவது, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம். விரலால் தொட்டேன். ஒட்டியது. மேலே போய்க் கறிக்குத் தாளித்துவிட்டு வந்து தொட்டேன். ஒட்டியது. வேறு இடம் காய்ந்திருக்குமோ என்று வேறு இடத்தில் தொட்டேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் காரில் இருந்த என் கைரேகை ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போதும்.

தலைமுடி உலர்த்தும் மெசினைக் கொண்டுவந்து பிடித்தேன். கை உளைந்தது, பெயின்ற் காயவில்லை. அப்போதுதான் ஒரு அறிவான எண்ணம் வந்தது. உள்ளே காற்றே இல்லையே, எப்படிக் காயும்? கராஜ் கதவை முழுதாக உயர்த்திவிட்டேன்.

ரொறன்ரோவில் ஜூன் மாதம் இருந்தவர்களுக்கு இனி நான் சொல்லவேண்டியதில்லை. வெயில் ஏறியதும் சில மரங்கள் பஞ்சு பறக்கவிடும். அந்த வருடம்தான் வந்தவள், எனக்கு அது புதிது. தெருவெல்லாம் வெள்ளையாக மிதந்து வந்தது. 'அட, என்ன வடிவு!' என்று வாசலில் நின்று ரசித்தேன். திரும்பிப் பார்த்தபோது காருக்கு மயிர் முளைத்திருந்தது.

கதவை இறக்கினேன். இமைமயிர் பிடுங்கும் சின்னக் குறடால் ஒவ்வொரு பஞ்சாகப் பிடுங்கினேன். ஒன்று பிடுங்க, விரலில் இருந்த மூன்று போய் ஒட்டின. விரலில் செலோரேப்பைச் சுற்றி ஒற்றினேன். ரேப்போடு பட்டையில் ஒரு துண்டும் வந்தது. கடைசியில் வீட்டுத் தூசி உறிஞ்சும் வக்கூமைக் கொண்டுவந்தேன். குழாயின் வாய் டிக்கியில் பட்டு, வட்ட வட்டமாக நாலைந்து முத்திரை குத்தியது. அந்த நேரம் பார்த்துக் கராஜ் கதவு தானாக மேலே எழும்பியது.

வெளியே அவர் நின்றார். தனியாக இல்லை. அவரோடு வேலை செய்யும் தவம் அண்ணை ஒரு பக்கம், பழைய கார் என்றால் உயிரை விடுகிற அவர்களுக்கு மேலாளான போர்மன், உயரமான வெள்ளைக்காரர், மறுபக்கம். பட்டை அடிப்பதைப் பார்க்க ஆசையாகக் கூட்டிவந்திருந்தார். உள்ளே நான், தலையில் வெள்ளைப் பெயின்ற், கையில் வக்கூம்.

போர்மன் குனிந்து போனெற்றைக் கிட்டத்தில் பார்த்தார். "இதற்குச் சவரம் செய்யவேண்டும் போலிருக்கிறதே" என்றார் இங்கிலீஷில்.

தவம் அண்ணையால் அடக்க முடியவில்லை. "என்ன தங்கச்சி, காருக்குக் குளிருதெண்டு கம்பளி போர்த்தனீரோ?"

நான் என் கணவரைத்தான் பார்த்தேன். அவர் முகம் சுண்ணாம்பு போல இருந்தது. அவருடைய இத்தனை வருட உழைப்பு என் கண்முன்னே நாய்க்குட்டி போல மயிரோடு நின்றது. அடுத்த விமானத்தில் என்னை ஏற்றிவிடப் போகிறார், அம்மாவுக்கு என்ன சொல்வேன் என்று மனம் ஓடத் தொடங்கிவிட்டது. 'காருக்கு நாமம் போட்டதற்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்' என்று எப்படிச் சொல்வது?

"சின்ன ரின் எங்கை?" என்று கேட்டார். குரல் மெல்லியதாக வந்தது.

"அது பத்திரமா இருக்கு. நான் தொடவே இல்லை" என்றேன், ஒன்றையாவது சரியாகச் செய்த பெருமையோடு.

"திறக்கேல்லையோ?"

"இல்லை."

"ஒரு சொட்டும் கலக்கேல்லையோ?"

"கடவுளாணை இல்லை."

மேல்தட்டில் இருந்து அந்த ரின்னை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கலியாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இதுதான் ஹார்ட்னர். இதைக் கலந்தால்தான் பெயின்ற் இறுகும். கலக்காட்டி உது அடுத்த வருசமும் காயாது" என்றார். "காயாட்டி என்ன? துடைச்சு எடுக்கலாம்!"

கீழே இருந்த பச்சை எப்போதோ நன்றாக இறுகிவிட்டதாம், அதற்கு ஒன்றும் ஆகாதாம். நாலு பேருமாகத் துணியும் பெயின்றைக் கரைக்கும் தின்னருமாகத் துடைத்தோம். போர்மன் சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினார். தவம் அண்ணை நாமம் அழிகிறதைப் பார்த்துத் தேவாரம் பாடினார். பஞ்சும் பட்டையும் கைரேகையும் சேர்ந்து வழிந்து வந்தன.

துடைத்துக்கொண்டே, மற்றவர்களுக்குக் கேட்காமல் அவர் என்னிடம் சொன்னார். "நான் ஏன் ரேப்பை ஒட்டி ஒட்டி உரிச்சனான் எண்டு தெரியுமோ? பயம். கடைசிலை பிழைச்சுப் போச்செண்டால் எண்டு கை நடுங்கினது. இப்ப பிழைச்சும் போச்சு. பார், கார் அப்படியே நிக்குது."

முதல் தடவையாக என்னிடம் மரியாதையாகப் 'பாரும்' என்று சொல்லாமல், உரிமையோடு 'பார்' என்று சொன்னார். நான் துணியைக் கண்ணில் வைத்துத் துடைத்தேன். (தின்னர்த் துணி. அதற்குப் பிறகு உண்மையாகவே அழுதேன்.)

ஞாயிற்றுக்கிழமை பட்டை இல்லாமலே யூனியன்வில்லுக்குப் போனோம். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பட்டை எங்கே என்றுதான் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் என்னைக் கைகாட்டி, "இவதான் என்னுடைய பெயின்ரர், இவவைக் கேளுங்கோ" என்று இங்கிலீஷில் விளக்கினார். ஒரு கிழவர் அதை நம்பி, தன்னுடைய காருக்கும் அடித்துத் தருவேனா என்று கேட்டார்.

பஞ்சுக் காலம் முடிந்த பிறகு செப்டெம்பரில் அவரே பட்டைகளை அடித்தார். அதற்கு முதல் வேலையாக என்னைப் பிக்கரிங்கில் இருக்கும் மச்சாள் வீட்டில் கொண்டுபோய் இறக்கினார். பெயின்ற் காய்வதற்காக நாடு கடத்தப்பட்ட ஒரே மனைவி நானாகத்தான் இருப்பேன். அச்சு அசலாக வந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் ஒரே கேள்விதான்: "ஹார்ட்னர் போட்டாச்சோ?" கேக்கை ஓவனுக்குள் தள்ளும்போது கேட்பார்கள். வீடு வாங்கக் கையெழுத்துப் போட்டபோது கேட்டார்கள். போன வருடம் எங்கள் மகள் ஒரு பையனைக் கூட்டிவந்து, இவனைத்தான் கட்டப்போகிறேன், மண்டபமும் பார்த்தாகிவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னபோதும், அவள் அப்பா நிதானமாகக் கேட்டது இதைத்தான்.

பையன் திருதிருவென்று விழித்தான். "அன்ரி, வட் இஸ் ஹார்ட்னர்?" என்று என்னிடம் மெல்லக் கேட்டான்.

நான் வாய் திறக்குமுன் மகள் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். பையன் மரியாதையாகச் சிரித்தான். பிறகு, "வன் மினிற்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய், எங்கள் கராஜ் வாசலில் நிறுத்தியிருந்த தன்னுடைய புதுக் காரை எடுத்துத் தெருவில் விட்டுவிட்டு வந்தான்.