பெயரில்லாத பத்தொன்பது பேர்

"லிஸ்ட்ல என் பேரே காணமேப்பா!"

சங்கத் தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மூக்குக்கு இறக்கினார், தாளைத் திருப்பி முதுகுப்பக்கம்கூடப் பார்த்துவிட்டார். இல்லை. ஆரணியில் அந்தப் பட்டு நெசவாளர் சங்கம் தொடங்கிய நாளில் முதல் கையெழுத்துப் போட்டவர் அவர். உறுப்பினர் எண் ஒன்று. ஊரே 'தலைவர், தலைவர்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெற்றவர்கள் வைத்த பேர் என்னவென்றே பலருக்கு மறந்துபோன மனிதர். அவரை விட்டுவிட்டு ஒரு பட்டியல் அச்சாகி வந்திருக்கிறது என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

"இருக்கும் சார், இருக்கும். எங்கயாவது நடுவுல இருக்கும்," என்றான் சுப்பராயலு.

"நம்பர் ஒண்ணு எப்படிப்பா நடுவுல இருக்கும்?"

நியாயமான கேள்விதான். சுப்பராயலு கம்ப்யூட்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இந்த மாதிரி நேரத்தில் கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு அது ஒரு வசதி.

வேலூர்க் கம்பெனி ஒன்று சங்கத்துக்கு மென்பொருள் எழுத அவனை அனுப்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. வந்தவாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தான். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். நெசவாளர்களுக்கு அரசாங்கம் மருத்துவ அட்டை தருவதாகச் சொல்லி, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்து பட்டியலை வாங்கிப்போக இருந்தார். அன்று செவ்வாய். உறுப்பினர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. பட்டியலில் வந்தது முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

"பத்தொம்பது பேர் குறையுதுங்க," என்றாள் துர்கா. சங்கத்தில் ஃபாரங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அவளுடையது.

அதற்குள் வேலூரிலிருந்து போன் வந்துவிட்டது. மேனேஜர் கோபிநாத்.

"தலைவர் எனக்குப் போன் பண்ணாருப்பா. இத பாரு, வெள்ளிக்கிழமை நானூத்திப் பன்னெண்டு பேரும் லிஸ்ட்ல இருந்தா உன் வேலை பர்மனென்ட். இல்லன்னா வந்தவாசியிலயே இரு. உங்கப்பா மாட்டுத்தீவனக் கடையில புண்ணாக்கு நிறுத்துகினு."

சுப்பராயலு போனைக் காதோடு அழுத்திப் பொத்திக்கொண்டான். புண்ணாக்குக்காக அல்ல. கோபிநாத் சத்தமாகப் பேசுகிறவர், போனில் சொன்னது துர்காவுக்கும் கேட்டிருக்கும் என்பதற்காக.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். சுப்பராயலு மென்பொருளின் நிரலை பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தான். விவரங்களைச் சேமித்து வைத்திருந்த டேட்டாபேஸுக்குத் தெரிந்தது வேறு மொழி. இரண்டுக்கும் நடுவே ஓ.ஆர்.எம். என்று ஒன்றை வைத்திருந்தான். அது ஒரு கல்யாணத் தரகர் மாதிரி. நாம் இந்தப் பக்கம் நம் பாஷையில் சொன்னால், அது அந்தப் பக்கம் போய் அவர்கள் பாஷையில் கேட்டு வாங்கிவரும். நாம் நேரில் போய் நிற்க வேண்டாம். ஆனால் அது அங்கே போய் என்ன பேசியது என்பது அதற்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்.

"ஏங்க," என்று மெல்லக் கூப்பிட்டாள் துர்கா. தலைவரை 'சார்' என்பாள், தபால்காரரை 'அண்ணா' என்பாள். இவனை மட்டும் 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். "அந்த ஃபாரம் எல்லாம் ஒரு தபா நீங்களே..."

"ஐயையோ, நீங்க அடிச்சதுல தப்பு வருமாங்க?" என்று பதறினான் சுப்பராயலு. "மூணு மாசத்துல ஒரு புள்ளி தப்பினது கெடையாது. தப்பு என் புரோகிராம்லதான். நீங்க கவலையேபடாதீங்க."

துர்கா முகம் சிவந்து விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

நிரலுக்குள் போய்ப் பார்த்தான். உறுப்பினர் எண், தெரு, தறி எல்லாம் ஓர் அட்டவணை. ஆட்களின் பேர் இன்னோர் அட்டவணை, அதைத் துர்கா அந்த மாதம்தான் ஏற்றியிருந்தாள். இரண்டிலும் ஜோடி இருந்தால்தான் ஓ.ஆர்.எம். ஆளைக் கூட்டிவருகிறது. 'ஜோடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாரையும் கூட்டி வா' என்று ஒரு வரியை மாற்றினான். அச்சு இயந்திரத்தை ஓடவிட்டு டீ குடிக்கப் போனான்.

திரும்பி வரும்போது அச்சு இயந்திரம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. தாள் மேஜையிலிருந்து இறங்கி, கதவைத் தாண்டி, வராந்தாவில் போய்க்கொண்டிருந்தது. அங்கே கூட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா துடைப்பத்தை ஓங்கியபடி நின்றாள்.

"இன்னா தம்பி இது, உங்க மிஷினுக்கு வவுத்தால போவுதா?"

எல்லாரையும் கூட்டி வா என்றால் ஓ.ஆர்.எம். நிஜமாகவே எல்லாரையும் கூட்டிவந்துவிட்டது. மனைவி, மக்கள், மாமியார், வாரிசு என்று ஃபாரத்தில் எழுதியிருந்த அத்தனை பேரும். நான்கு பிள்ளை உள்ளவர் நான்கு முறை வந்திருந்தார். சேவூரில் ஒரு எட்டு மாதக் குழந்தை, இரண்டு தறி வைத்து நெய்வதாகப் போட்டிருந்தது.

"ஆயிரத்து அறுநூத்தி நாப்பது பேர்ப்பா," என்றார் தலைவர், தாளைச் சுருட்டிக்கொண்டே. "இதுலயும் நான் இல்ல!"

இருந்தார். எண் ஒன்று, தெரு, தறி எல்லாம் சரியாக இருந்தது. பேர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. இப்படிப் பத்தொன்பது வெறுமை.

புதன்கிழமை சுப்பராயலு ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரக்கூடாது என்று உத்தரவு போட்டான். அவசரத்தில், எதை வைத்து ஒரே ஆள் என்று பார்ப்பது என்ற இடத்தில் உறுப்பினர் எண்ணுக்குப் பதில் தெருவைக் கொடுத்துவிட்டான். பட்டியல் ஜல்தியாக முடிந்தது. ஒரே தாள், ஒன்பது பேர். தெருவுக்கு ஒரு நெசவாளர்.

"ஒம்போது பேரு நெய்ஞ்சி நானூறு ஊட்டுக்கு எங்கப்பா கல்யாணப் பொடவை போடறது?" என்று கேட்டுவிட்டு, தலைவர் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை அவருக்கு.

அதைச் சரிசெய்தான். நானூற்றுப் பன்னிரண்டு வரி வந்தது. ஆனால் பத்தொன்பது பேருக்குப் பேர் இல்லை. ஓ.ஆர்.எம். அந்தப் பக்கம் போய் என்னதான் கேட்கிறது என்று திரையில் காட்டச் சொன்னான். வரி வரியாகக் காட்டியது. கேள்வி சுத்தமாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கேட்பது மாதிரி அவ்வளவு மரியாதையாகக் கேட்டிருந்தது.

தமிழ் எழுத்துரு மேல் சந்தேகம் வந்தது. மாற்றினான். எல்லார் பேரும் கட்டம் கட்டமாக ஆனது. பழையபடி மாற்றினான்.

கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், வெளிநாட்டு பெர்ல்காரர்கள் கூடும் மின்னஞ்சல் குழுவில் தன் கஷ்டத்தையெல்லாம் கொட்டி எழுதினான். அரைமணி நேரத்தில் எங்கோ குளிர்தேசத்திலிருந்து ஒரு மகானுபாவர் ஒரே வரியில் பதில் போட்டார். நிரலில் குற்றமில்லை, பதிவு செய்தவரைக் கேள்.

சுப்பராயலுவுக்கு வந்ததே கோபம்! எவனோ முகம் தெரியாதவன், துர்காவைக் குறை சொல்கிறானா? 'எங்கள் பதிவாளரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்' என்று ஆரம்பித்து மூன்று பத்தி எழுதி அனுப்பிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தான். அவர் அதற்கப்புறம் பதிலே போடவில்லை.

சங்கத்துக்குத் திரும்பினால் துர்கா கதவோரம் நின்றிருந்தாள். கையில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு சின்னக் கட்டு.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும். இதுங்கள தனியா எடுத்து..."

"நீங்க எதுவும் சொல்ல வேணாங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டான் அவன். "யாரு என்ன சொன்னாலும் நான் உங்கள சந்தேகப்படமாட்டேன். அதை அலமாரியிலயே வையுங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். சாமர்த்தியசாலிகள் மேல் நம்பிக்கை வைத்தால் இப்படித்தான் நெகிழ்ந்துபோவார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை ஒரு குறுக்குவழி தோன்றியது. பேர் வெறுமையாக இருந்தால் ஏதாவது ஒரு பேரைப் போட்டு வரியை நிரப்பி, அச்சடித்த பிறகு கையால் திருத்திக்கொள்ளலாம் அல்லவா? எழுதினான். அவசரத்தில் அதிலும் ஒரு சொதப்பல். பேர் இல்லாதவர் வந்தால், கடைசியாகக் கையில் எந்த ஆள் இருந்தாரோ அந்த ஆளையே பேரும் விவரமுமாக மறுபடி ஒட்டிவிட்டது நிரல். பேர் இல்லாதவர்களைக் கடைசியில் வரிசை வைத்திருந்தான். அவர்களுக்கு முன்னால் நின்றது உறுப்பினர் எண் நானூற்றுப் பன்னிரண்டு, கொசப்பாளையம் பூங்காவனம்.

கேடுகாலம், அதை அவன் பார்ப்பதற்குள் தலைவர் வாங்கிப்போய் மாதிரி அட்டை அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். அட்டையில் அவருடைய மீசையோடு கூடிய படம். கீழே இருந்ததை அவர் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"பூங்காவனம். பெண். வயசு இருபத்தெட்டு. பிரசவ உதவிக்குத் தகுதியானவர்."

துர்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு அறுவத்தி மூணு வயசுப்பா," என்றார் தலைவர், கிட்டத்தட்ட அழுதபடி.

சாயங்காலம் பூங்காவனமே நேரில் வந்துவிட்டாள், ஐந்து மாத வயிற்றோடு. சண்டைக்கு என்று நினைத்து சுப்பராயலு எழுந்து நின்றான்.

"எம்பேர்ல இருவது அட்டை வந்துகீதாமே சார்," என்றாள் அவள் சந்தோஷமாக. "பத்து வச்சிக்கறேன், மீதிய எங்க அக்காவுக்குக் குடுத்துடறேன். ரெட்டைப் புள்ளன்னு வேற டாக்டர் சொல்றாரு."

வெள்ளிக்கிழமை விடிந்தது. பத்தே முக்காலுக்கே ஜீப் வந்து நின்றது. அதிகாரி அம்மாள் இறங்கி, தலைவர் அறையில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோபிநாத்தும் வேலூரிலிருந்து வந்திருந்தார். உதவ அல்ல, பார்க்க.

சுப்பராயலு கையைத் தூக்கிவிட்டான். பெர்லும் வேண்டாம், ஓ.ஆர்.எம்.மும் வேண்டாம், போய்ப் புண்ணாக்கே நிறுத்தலாம். போவதற்குமுன் கடைசி மரியாதைக்கு, அந்தப் பத்தொன்பது பேரின் ஃபாரத்தையும் எடுத்துக் கையாலாவது எழுதிக்கொடுத்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தான். தேடவே வேண்டியிருக்கவில்லை. ரப்பர் பேண்டு போட்டுத் தயாராக இருந்தது கட்டு.

முதல் ஃபாரம், உறுப்பினர் எண் ஒன்று. பேர்: சுப்பராயலு.

தலைவர் பேரும் தன் பேர்தானா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே அடுத்ததைப் புரட்டினான். சுப்பராயலு. அதற்கடுத்தது, சேவூர், சுப்பராயலு. பத்தொன்பதும் சுப்பராயலு!

"துர்கா!" என்று கத்தினான். "இந்தப் பேரை மட்டும் மிஷின் துன்னுதுங்க! ஜல்தி, நான் சொல்றேன், நீங்க என் கண்ணெதிர அடிங்க. சு..."

துர்கா இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அடிங்களேன்! ஜீப் நிக்குது!"

அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். நிற்க நேரமில்லை. சுப்பராயலுவே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தன் பேரைத் தானே பத்தொன்பது தரம் அடித்தான். மிஷின் ஒன்றையும் தின்னவில்லை. அச்சுக்குக் கொடுத்தான். நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருவர் கூடாமல் ஒருவர் குறையாமல், முதல் வரியில் மீசையோடு தலைவர். அதிகாரி அம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ஜீப் ஏறினார். தலைவர் சுப்பராயலுவைக் கட்டிக்கொண்டார். கோபிநாத் வேறு வழியில்லாமல் கைகொடுத்து, "பர்மனென்ட்பா," என்றார்.

எல்லாம் நல்லபடி முடிந்தும் அவனுக்கு மனசு ஆறவில்லை. நேரே துர்காவிடம் வந்தான்.

"நாலு நாளா நான் பட்ட பேஜாரை நீங்க பாத்தீங்க. வேலையே போயிருக்கும். பேரை அடிக்காமத் தாண்டித் தாண்டிப் போனது நீங்கதானே? அந்தப் பேரு மேல அப்படி என்னங்க வெறுப்பு?"

துர்கா தவித்துப்போய் அவனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், உள்ளறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வராந்தாவில் தாளைப் பொறுக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்து, மோவாயில் விரலை வைத்துக்கொண்டாள்.

"கட்டிக்கப்போறவரு பேரை ஒரு பொண்ணு எப்படி தம்பி அடிக்கும்? போன மாசமே உங்கம்மாவும் அப்பாவும் துர்கா ஊட்டுக்கு வந்து தட்டு மாத்திகினு போனாங்களே, வேலை நெலைக்கட்டும்னு உங்களாண்ட இன்னும் சொல்லவே இல்லியா?"