மேகக் காவலன் சாகக் கூடாது

"இந்தத் தடவை அவனைக் கொன்னீங்கன்னா, மாப்பிள்ளை, நான் பெரியவ வீட்டுக்குக் கிளம்பிடுவேன். சொல்லிட்டேன்."

மாமியார் இதைச் சொன்னபோது அவர் தோளில் ஒரு குழந்தையும் இடுப்பில் இன்னொரு குழந்தையும் இருந்தன. இரட்டைப் பிள்ளைகள். பல் முளைக்கிற பருவம். ஒன்று அவருடைய காதைக் கடித்துக்கொண்டிருந்தது, மற்றது கண்ணாடியை.

மருமகன் கொரியத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவன். கதை தன்னுடையது இல்லை, யாரோ எங்கேயோ எடுத்து அனுப்பிய படத்துக்கு வாயசைவு பார்த்துத் தமிழ் போட்டுக் கொடுப்பதுதான் தன் வேலை என்று, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியார் வந்த நாளிலிருந்து விளக்கிக்கொண்டிருக்கிறான். எடுபடவில்லை.

"கடைசில உங்க பேரைத்தானே போடறாங்க?"

"அது வசனம்னு போடறாங்க, அத்தை."

"வசனம் எல்லாம் அற்புதம். அதுல நான் குறையே சொல்ல மாட்டேன். முடிவுதான் உங்களுக்கு வர மாட்டேங்குது."

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. முதல் தொடரில் அத்தனை வாரம் காதலித்ததும் கனவு என்று சொல்லிக் கதாநாயகியைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். இரண்டாவதில் தேவலோகத்து வைத்தியன் முத்தம் கொடுக்கக் குனிந்தவன் அப்படியே சிலையாகிவிட்டான். மூன்றாவதில் கதாநாயகிக்குப் பழைய நினைவெல்லாம் போய், கட்டிக்கொள்ளப் போகிறவனைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டதோடு சரி. ஒவ்வொரு முறையும் வீட்டில் சாவு விழுந்தது போல இருந்தது. சிலை விவகாரத்துக்குப் பிறகு மாமியார் ஒரு வாரம் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தெருவுக்குக் கேட்கும்படி வைத்தார்.

இப்போது நடப்பது நான்காவது. ஆயிரம் வயதான மேகக் காவலன் ஒருவன் பூமியில் விழுந்து, சலவைக்கடை வைத்திருக்கும் பெண்ணைக் காதலிக்கிறான். அவன் மனசு கலங்கினால் மழை வரும். மழை வந்தால் அவள் துணி காயாது. நல்ல கதைதான். கடைசிப் பகுதி நேற்றுத்தான் மருமகன் கைக்கு வந்திருந்தது. மேகக் காவலன் காதலியின் மடியில் கரைந்து மழையாகப் பெய்துவிடுகிறான்.

மனைவி தலை வாரிக்கொண்டே கேட்டாள். "அந்த மழைக்காரன் பிழைப்பானா மாட்டானா?"

அவன் குனிந்து செருப்பைத் தேடினான்.

"அம்மா போயிட்டா நம்மள்ல ஒருத்தர் வேலையை விடணும். எனக்கு இப்பதான் பதவி உயர்வு வந்திருக்கு. யாருன்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? மேகக் காவலனைப் பிழைக்கவைப்பது என்று முடிவு செய்துகொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனான்.

அங்கே ஒலிப்பதிவாளருக்கு ஹெட்போன் என்று பெயர். காதிலிருந்து அதை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அவர் திரையில் சாவுக் காட்சியை ஓட்டிவிட்டு, எழுதி வந்த தாளைப் பார்த்தார். 'என்னை மறந்துவிடு' என்று இருக்கவேண்டிய இடத்தில், 'ஒரு வேலையா போறேன், சாயங்காலம் வந்துடறேன்' என்று இருந்தது.

"சார், மனுஷன் கால்லேர்ந்து கரைஞ்சுகிட்டிருக்கான்."

"அவன் மேகக் காவலன். ஆபீசுக்குப் போற வழி அவனுக்கு அதுதான்."

"சரி, அப்போ அந்தப் பொண்ணு ஏன் மண்ணுல விழுந்து புரண்டு அழறா?"

அவன் பேனாவைக் கடித்தான். பிறகு அவளுக்கு ஒரு வசனம் எழுதினான்: 'ஐயோ, குடையை மறந்துட்டுப் போறீங்களே!'

ஹெட்போன் படத்தை நகர்த்தினார். அடுத்த காட்சியில் ஊரே கறுப்பு உடையில் கூடி, மேகக் காவலனின் புகைப்படத்துக்கு முன் பூ வைத்தது.

"இதுக்கு?"

"பதவி உயர்வு. பாராட்டு விழா."

"அழறாங்களே சார்."

"கூடவே தூர ஊருக்கு மாத்தலும் வந்துடுச்சு."

"தூர ஊருக்கு மாத்தலாகிப் போறவன் சாயங்காலம் எப்படி வருவான்?"

முதல் வசனத்துக்குத் திரும்பிப் போய், 'சாயங்காலம்' என்பதை அடித்து 'லீவுல' என்று மாற்றினான். இதற்குள் மேகக் காவலனுக்குக் குரல் கொடுப்பவர் வந்துவிட்டார். ஒல்லியான தேகம். வாயைத் திறந்தால் மட்டும் மாளிகைக் கதவு திறக்கிற மாதிரி இருக்கும். அதனால் கம்பீரம் என்று கூப்பிடுவார்கள். தாளைப் படித்ததும் கம்பீரத்தின் முகம் கறுத்தது.

"என்ன சார் இது? நான் குரல் கொடுத்த யாரும் இதுவரைக்கும் செத்ததே இல்ல. முதல் தடவையா சாவு வருதேன்னு குளிர்ந்த தண்ணிகூடக் குடிக்காம தொண்டையைக் காப்பாத்திட்டு வந்திருக்கேன். 'லீவுல வர்றேன்'னு சொல்லச் சொல்றீங்க."

"அதையே சாகற குரல்ல சொல்லுங்களேன்."

கம்பீரம் ஒலிவாங்கியின் முன் கண்ணை மூடினார். "லீ... லீவுல..." என்று தேம்பி, மூச்சை இழுத்து, "வர்றேன்..." என்று விட்டார். அவ்வளவுதான். ஹெட்போன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியில் பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி உள்ளே எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

மறுநாள் தொலைக்காட்சி நிலையத்தின் நிகழ்ச்சித் தலைவி வந்து பார்த்தார். கண்டிப்பானவர். தன் நகப்பூச்சு கொஞ்சம் உதிர்ந்திருந்தால்கூடக் கூட்டத்தை ரத்து செய்கிறவர். படம் முடிந்ததும் அவன் பக்கம் திரும்பினார்.

"ஒரிஜினல்ல இவன் செத்துடறான் இல்ல?"

"ஆமா மேடம். எங்க மாமியார்தான்..." வேலை போச்சு என்று அவன் பாதியில் நிறுத்தினான்.

"எங்க வீட்டுலயும் ஒரு மாமியார் இருக்காங்க" என்றார் தலைவி. "அதனால இவன் உயிரோட இருக்கட்டும். ஆனா அரைகுறையா வேணாம். மாத்தல், லீவு எல்லாம் சொன்னீங்க, கல்யாணம் எங்கே? கல்யாணம் ஆகணும். இல்லேன்னா பழையபடியே சாகட்டும்."

படத்தில் கல்யாணம் கிடையாது. மீதி இருந்தது ஒரே காட்சி: அடுத்த பிறவியில், மழையில், கூட்டமான சாலையை இரண்டு பேரும் எதிரெதிராகக் கடக்கிறார்கள், ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறார்கள். முற்றும்.

நல்லவேளை, மாறி மாறி இருவர் முதுகும்தான் தெரிந்தது. முதுகு தெரிகிற இடமெல்லாம் வசனம் எழுதுகிறவனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த நிலம். குடை பிடித்துப் போகிற ஐம்பது பேரையும் அவன் கல்யாணத்துக்கு வந்தவர்களாக்கினான். 'கல்யாணம் பிரமாதம்!' என்று ஒரு குடை சொன்னது. 'பொண்ணும் மாப்பிள்ளையும் நல்ல பொருத்தம்!' என்றது இன்னொரு குடை. போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்த அரை நொடியில், 'நூறு வருஷம் நல்லா இருங்க!' என்று வாழ்த்தினார்.

"எல்லாம் சரி" என்றார் ஹெட்போன். "புதுசா கல்யாணமானவங்க ஆளுக்கொரு திசையில போறாங்களே?"

"ஒருத்தர் பால் வாங்க, ஒருத்தர் காய் வாங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆகலையா?"

ஹெட்போன் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

கடைசிப் பகுதி மத்தியான நேரத்தில் ஒளிபரப்பானது. முடிந்த கையோடு தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. 'கொரியாக்காரனே இப்படி எடுத்திருக்கலாம்' என்று ஒருவர். லீவு எப்போது என்று கேட்டு இன்னொருவர். கம்பீரத்தை அவர் தெருக்காரர்கள் தோளில் தூக்காத குறையாம். தலைவி அவனைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார். அந்த வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

சந்தோஷத்தில் பேருந்தில் உட்காரக்கூட முடியவில்லை அவனுக்கு. நின்றுகொண்டே வந்தான். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிக் கதவைத் திறந்தான்.

கூடத்தில் பெட்டி கட்டி வைத்திருந்தது.

பிள்ளைகள் இரண்டும் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. சோபாவில் மாமியாரும், தினமும் தொடர் பார்க்க வரும் எதிர்வீட்டு அக்காவும் கைக்குட்டையும் சிவந்த மூக்குமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கொன்னுட்டீங்களே, மாப்பிள்ளை" என்றார் மாமியார் கிசுகிசுப்பாக. "அவ்வளவு சொல்லியும் கொன்னுட்டீங்களே!"

"யாரை அத்தை? அவன் மாத்தலாகித்தானே போறான்!"

"என் கண்ணால பார்த்தேன். பச்சைப்பிள்ளை மாதிரி மடியில கிடந்து கரைஞ்சு போனான். போட்டோவுக்குப் பூ வச்சாங்க. அப்புறம் வேற யாரோ ரெண்டு பேர் ரோட்டுல போனாங்க, முடிச்சுட்டீங்க."

"ஐயோ, லீவுல வர்றேன்னு அவன் சொன்னானே! கல்யாணம் பிரமாதம்னு அத்தனை குடையும் கத்துச்சே! உங்க காதுல விழலையா?"

மாமியார் விழித்தார். எதிர்வீட்டு அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, விரலை உதட்டில் வைத்து அவனை அடக்கினாள்.

"மெதுவா பேசுங்க தம்பி, பிள்ளைங்க முழிச்சுக்கும். அதுக்குத்தானே முதல் தொடர்லேர்ந்து டிவி சத்தத்தை நிறுத்தி வச்சே பார்க்கறோம்!"