சொன்னதை மட்டும் எழுதும் ஜெராக்ஸ் அக்கா

எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காத ஒரே மனுஷி, ஏற்காடு மலையிலேயே ஜெராக்ஸ் அக்காதான். மற்ற எல்லோரும், முக்கியமாக நான், அடுத்தவர் பேச்சை முடித்துவைக்கவே பிறந்தவர்கள்.

பஸ் நிலையத்தருகே அவருடைய சின்ன ஜெராக்ஸ் கடை. சான்றிதழில் டீக்கறை பட்டிருக்கிறது, கொஞ்சம் மறைத்து எடுங்கள் என்றால், "கறையும் சான்றிதழ்லதானுங்களே இருக்குது" என்பார். பிறந்த வருஷத்தின் மேல் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டு வந்த ஒருவரை அடுத்த பஸ்ஸிலேயே சேலத்துக்குத் திருப்பி அனுப்பினார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகள் தர்ஷினி போய்ச் சேர்ந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கைகள் இறுகியிருக்கும், பேனா நிற்காது. பேச்சும் மெதுவாகத்தான் வரும். மூளை மட்டும் எங்களையெல்லாம் முந்திக்கொண்டு ஓடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல ஓர் ஆசிரியர் எழுதலாம், கூடுதல் நேரமும் உண்டு. ஆனால் அந்த ஆசிரியர் முன்பின் தெரியாதவராக இருப்பார். அவர் இவள் பேச்சைப் பாதியில் வெட்டினால் என்ன செய்வாள்? அந்த வருஷம் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான்.

பள்ளியின் சிறப்பு ஆசிரியை, பயிற்சிக்காக வெளியாள் ஒருவரைத் தேடினார். பள்ளி ஆசிரியர்கள் எழுதினால், பிள்ளை பாதி சொல்லும்போதே மீதியைத் தாங்களே எழுதிவிடுகிறார்களாம். பாடம் தெரியாத, கையெழுத்து நன்றாக இருக்கிற ஆள் வேண்டும். அவர் கேட்டதும், சனிக்கிழமைதோறும் அக்கா பள்ளிக்கு வரத் தொடங்கினார்.

முதல் அறிவியல் விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்தில் இப்படி இருந்தது: "ஒளிச்சேர்க்கை என்பது, இருங்க அக்கா, தாவரங்கள், எங்கப்பா ஜன்னல்ல நிக்கிறாரு போகச் சொல்லுங்க, சூரிய ஒளியைக் கொண்டு..."

கடைக்கு ஓடினேன்.

"ஏனுங்க, இதையெல்லாமா எழுதுவாங்க?"

"பாப்பா சொல்லுச்சுங்க."

"அது பதில் இல்லைங்களே."

"எது பதில், எது இல்லைன்னு நான் பிரிச்சா அது நான் எழுதற பரீட்சை ஆயிருமுங்க. வேண்டாம்னா அதையும் பாப்பாதான் சொல்லோணும்."

அடுத்த வாரத்திலிருந்து தர்ஷினி, வேண்டாததை அடிக்கச் சொல்லி உத்தரவு போடத் தொடங்கினாள். வீட்டிலும் அதே பழக்கம். "எனக்குக் காப்பி வேணும். அதை அடிச்சிருங்க. டீ."

நான் ஜன்னலை விட்டுக் கதவுக்குப் பின்னால் இடம் மாறினேன். ஒளிச்சேர்க்கை எங்கே நடக்கிறது என்று ஒரு கேள்வி. தர்ஷினி "ப... ப..." என்று நின்றாள். ஒரு நிமிஷம் போயிற்று. கரண்ட் போன மெஷின் மாதிரி அக்கா பேனாவோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"பச்சையம்" என்றேன்.

அன்றைய விடைத்தாளில் அதுவும் இருந்தது: "பச்சையம் (கதவுக்குப் பின்னாலிருந்து அப்பா சொன்னது)." அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில், "பசுங்கணிகம்."

அதுதான் சரியான விடை; பச்சையம் அதற்குள் இருப்பது. அவள் சொல்ல வந்ததும் அதுதான். டாக்டரிடம், கடைகளில், சொந்தக்காரர்கள் நடுவில், பதினைந்து வருஷமாக அவளுக்காக நான் பேசி முடித்ததில் எவ்வளவு தப்போ.

அன்று அந்த விடையை எழுதி முடித்ததுமே அக்கா வெளியே வந்தார். "ஏரியப் போய் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க சாமி. அப்பறம் இன்னொரு சுத்து."

சனிக்கிழமைகளில் நான் சுற்றிய சுற்றைப் பார்த்துவிட்டு, படகுத்துறைக் காவலாளி, "சுகருங்களா?" என்று பரிவோடு விசாரித்தார்.

பொதுத்தேர்வு நாளில் தேர்வு மையத்தின் கேட்டுக்கு வெளியே இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கே கடையை அடைக்காத அக்கா, அன்று பூட்டிவிட்டு வந்து நின்றார். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் புடவை மேல் எதையோ எழுதிக்கொண்டே இருந்தது.

எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு தர்ஷினி வந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு நேராக அக்காவிடம் போனாள்.

"அந்த மிஸ்... மூணாவது கேள்வியில... அவங்களாவே எழுத ஆரம்பிச்சுட்டாங்க."

என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா காத்திருந்தார்.

"நான் இன்னும்... முடிக்கலைங்க மிஸ்னு... சொன்னேன். எழுதினத அடிச்சுட்டு... பேனாவ வெச்சுட்டு... நான் முடிக்கிறவரைக்கும் கேட்டாங்க."

"நொம்ப நேரமா கண்ணு?"

"நொம்ப நேரம்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பறம்?" என்றார். தர்ஷினி முதல் கேள்வியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் நானும் வரிசையில் போய் நின்றுகொண்டேன். அக்காவிடம் சொல்ல எனக்கும் நிறைய இருந்தது.