பாதிரியாருக்கு அடித்த காற்று

செத்து இருநூறு வருடம் தாண்டியவனுக்கு விசிறிவிட்டு, உயிரோடு வியர்ப்பவனை வேகவிடும் இக்காலத்து மாந்தரை என்ன சொல்லித் திட்டுவது? வாழ்க, பாகான் டாலாம் என்னும் ஊர் ஈன்ற பெருங்காவலர்! வாழ்க, மூன்றாம் வகுப்போடு பள்ளியைத் துறந்தவரும், சுவரில் ஒட்டிய அறிவிப்பைக்கூட ஒருமுறை முறைத்துப் பார்த்தபின்னும் நம்பாதவருமான எழுபத்தோரு வயதுச் சின்னையா!

மலேசிய ஜார்ஜ் டவுன் ஓவியக்கூடத்தில் அன்று ஏர்கான் உயிர்நீத்தது. எஞ்சியது ஒற்றை மின்விசிறி. அவர் காவல் முடியும் மாலை ஆறுவரை அதன் காற்று யாருக்கு? இதுவே போர். எதிரியோ, கரிய அங்கியும் பஞ்சுப்பொதிப் பொய்முடியும் தரித்து, அத்தனை கனத்துக்கும் ஒரு துளி வியர்க்காமல் ஓவியச் சட்டத்துக்குள் வீற்றிருந்த பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பாதிரியார்.

ஓவியக்கூடப் பொறுப்பாளர் ரோஹானா விசிறியைப் படத்தின் பக்கம் திருப்பி ஆணையிட்டாள்: “காத்தாடி படத்துக்குத்தான் அங்கிள். புழுக்கத்துல பூசணம் புடிச்சிரும் லா.”

“எனக்கு மட்டும் என்னம்மா, வார்னிஷா அடிச்சிருக்கு?”

அவள் தலை மறைந்ததும், மதங்கொண்ட யானையின் துதிக்கையைத் திருகும் பாகனென விசிறியின் கழுத்தைத் தம் பக்கம் திருகினார் வீரர். அவள் வந்தாள், திருப்பினாள். அவர் திருகினார். மும்முறை நிலம் கைமாறியபின், எந்தப் படைத்தலைவனுக்கும் தோன்றாத வியூகமாக, பிளாஸ்டிக் நாற்காலியை விசிறிக்கும் பாதிரியாருக்கும் நடுவே நாட்டி அமர்ந்தார். சீருடைச் சட்டை வெற்றிக்கொடியாய்ப் படபடத்தது.

“பாதிரியார் காத்த மறிக்கிறீங்க அங்கிள்!”

“நான் வாங்கிட்டு மிச்சத்த அவருக்குத்தானே அனுப்புறேன்.”

அந்நேரம் அவள் கைபேசியில் தலைமையகத்தின் செய்தி இடியென இறங்கியது. படித்தவளின் முகம் மாறியது.

“படத்துக்கு நேரா காத்தே அடிக்கக் கூடாதாம். பெயிண்டு உதிர்ந்துருமாம்.”

ஆகா! முரசு அதிர, சங்கு முழங்க, சின்னையாவின் நெஞ்சில் வெற்றி பொங்கிய அக்கணமே, ரோஹானா வயரைப் பிடுங்கி விசிறியைத் தூக்கினாள்.

“எங்கம்மா கொண்டு போற?”

“ஸ்டோர்ல எடமில்ல அங்கிள். என் ரூம்லயே இருக்கட்டும்.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்டது. காற்றிழந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அப்போதும் பாதிரியாருக்கு வியர்க்கவில்லை.

“காலைல காத்து இல்லாட்டி கெட்டுப்போகும். இப்ப காத்து பட்டா கெட்டுப்போகும். நல்லா கத கட்டுறாங்க,” என்று உலகோர் அனைவருக்குமாய் முழங்கி, படத்துக்குப் புறங்காட்டி நடந்தார் மாவீரர்.

சாப்பாட்டு நேரம் ஆகியிருந்ததால், எதிர்க்கடையில் பாலில்லாத ஐஸ் தேநீராம் தே ஓ ஐஸ் ஒன்று வாங்கிக் குடித்தார்.