மரெல்லாவுக்காக உப்பில்லாக் கஞ்சி

பேருந்தில் அழக்கூடாது. அழுதே தீர வேண்டுமென்றால் தெரிந்தவர்கள் இல்லாத பேருந்தில் அழ வேண்டும். பெங்களூரில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அப்படியொரு பேருந்து கிடையாது. லிங்கராஜபுரத்தில் ஏறி எந்தத் திசையில் போனாலும் சபை ஆன்ட்டி ஒருவர் பக்கத்து சீட்டில் இருப்பார்.

எனக்கு வாய்த்தவர் ஸ்டெல்லா ஆன்ட்டி. கே.ஜி.எஃப்.காரர், தங்கச் சுரங்கத்தின் அடியில் நிற்பவருக்கும் கேட்கிற குரல். அடுகோடியில் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். நான் இன்னும் தூரம் போய் பொம்மசந்திராவில் இறங்குவேன். மாத்திரைப் பெட்டிகளில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. (படித்தது பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி!) ஆகவே போகிற வழியிலாவது எனக்குக் கொஞ்சம் மந்திர தந்திரம் தேவைப்பட்டது.

அந்த வாரம் கையில் இருந்தது செங்கல் கனத்தில் ஓர் ஆங்கில மாயாஜால நாவல். அடுத்த பாகம், அதற்கடுத்த பாகம் என்று இழுக்காமல் ஒரே புத்தகத்தில் கதை முடிந்துவிடும். அந்த ஊரில் மந்திரம் போட நாக்கு போதும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு ருசியை விலையாகக் கொடுக்க வேண்டும். விளக்கேற்றினால் ஏதாவது ஒரு பழத்தின் ருசி போகும். காயத்தை ஆற்றினால் புளிப்பு மொத்தமும் போகும். போன ருசி திரும்பாது என்பது சட்டம். கதாநாயகி மரெல்லா ஊரைக் காப்பாற்றிக் காப்பாற்றி எல்லாவற்றையும் தொலைத்து, கடைசியில் மிச்சமிருந்த உப்பையும் கொடுத்து எதிரிப் படையை விரட்டுகிறாள். வீட்டுக்கு வந்தால் அம்மா ஆசையாக சூப் வைத்துத் தருகிறாள். இவள் வாய்க்கு அது வெறும் வெந்நீர். "நல்லா இருக்கும்மா" என்கிறாள்.

நான் விக்கி விக்கி அழுதேன்.

"இன்னா கண்ணு ஆச்சு? சும்னே யாராவது அழுவாங்களா?" என்றார் ஸ்டெல்லா ஆன்ட்டி.

புத்தகத்தைச் சட்டென்று பைக்குள் தள்ளினேன். கழுதை வயதாகியும் கதை படித்து அழுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க ஆன்ட்டி. மரெல்லான்னு பேரு. நாக்குல ருசியே போயிடுச்சு."

"ஐயோ! கோவிட்லயா?"

"இல்ல, இது வேற."

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"அவங்க ஊர்ல டாக்டரே இல்ல ஆன்ட்டி."

(கவனியுங்கள், இதுவரை நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.)

அடுகோடி வருவதற்குள் மரெல்லா எங்கள் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் ஏறிவிட்டாள். 'சகோதரி மரெல்லாவின் சுகத்துக்காகப் பாரத்தோடு ஜெபிக்கவும்.' கீழே கைகூப்பும் படங்கள் வரிசை கட்டின. நானும் ஒன்று போட்டேன். போடாவிட்டால் சந்தேகம் வருமே!

மறுநாள் ஆன்ட்டி டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினார். வெள்ளைக் கஞ்சி. "அந்தப் பொண்ணுக்கு ருசி திரும்பற வரைக்கும் நான் உப்பு தொட மாட்டேன்னு பொருத்தனை பண்ணிக்கினேன்."

ஆன்ட்டிக்கு லோ பி.பி. தினமும் உப்புப் போட்ட மோர் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வெள்ளிக்கிழமை அடுகோடியில் இறங்க எழுந்தவர் தலைசுற்றி என்மேலேயே சாய்ந்தார். இல்லாத ஒருத்திக்காக இருக்கிற ஒருவர் ருசியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் புத்தி குறுக்கே ஓடுமே.

"ஆன்ட்டி, போன் வந்துச்சு. மரெல்லாவுக்குச் சரியாயிடுச்சாம்!"

"ஸ்தோத்திரம்! ஞாயித்துக்கிழமை சபைல எல்லார் முன்னாடியும் நீயே சாட்சி சொல்லு. அப்புறம்தான் உப்பு."

ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்றேன். இரண்டே வரியில் முடித்துவிட்டு ஓடிவிடுவதுதான் திட்டம். "மரெல்லா சிஸ்டர் ஊருக்காக எல்லாத்தையும் இழந்தவங்க" என்றதும் சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. என் பேச்சுக்கு அதுவரை யாரும் அப்படி மரியாதை கொடுத்ததில்லை. தலைக்கேறிவிட்டது. இனிப்பு போனதைச் சொன்னேன், புளிப்பு போனதைச் சொன்னேன். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். "கோட்டை வாசல்ல படை வந்து நின்னப்பகூட அவங்க பயப்படல!" என்று முழங்கினேன்.

பாஸ்டர் நிமிர்ந்தார். "எந்தக் கோட்டை சிஸ்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார். (பட்டன் போன் வைத்திருப்பவர். வாட்ஸ்அப் விவகாரம் எதுவும் தெரியாது. ஆனால் தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம் கதை கேட்பவர்.)

"ஏண்டி ஷீபா! அது உன் கதை புக்குல வர்ற பொண்ணுடி!"

முதலில் பாடகர் குழு சிரித்தது. பிறகு மொத்த சபையும் சிரித்தது. ஸ்டெல்லா ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. மடியிலிருந்த பைபிளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே சிரித்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஆராதனை முடிந்ததும் செருப்பு விடும் இடத்தில் அவரைப் பிடித்தேன். "மன்னிச்சிடுங்க ஆன்ட்டி."

அவர் என்னை முறைத்தார். "அவளுக்கு ருசி திரும்பிச்சா, இல்லியா?"

"தெரியல ஆன்ட்டி. அன்னைக்கு பைக்குள்ள தள்ளுன புக்க அப்புறம் எடுக்கவே இல்ல, இன்னும் கொஞ்சம் பக்கம் பாக்கியிருக்கு."

"முழுசாக்கூட படிக்காம வந்து சாட்சி சொல்றியா? போய்ப் படி. கதையோ நெசமோ, கர்த்தர் கிட்ட பண்ண பொருத்தனை பொருத்தனைதான்."

வீட்டுக்கு ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருடைய பி.பி. நான் படிக்கிற வேகத்தை நம்பியிருந்தது. கடைசிப் பக்கத்தில் மரெல்லா அழுகிறாள். கண்ணீர் உதட்டில் இறங்குகிறது. கரிக்கிறது.

உடனே ஆன்ட்டிக்குப் போன் செய்து, ருசி திரும்பாது என்ற சட்டத்தில் தொடங்கிக் கண்ணீர் கரித்ததுவரை சொன்னேன்.

"பாத்தியா? திரும்பாதுன்னு சட்டம் போட்டு எழுதுன ஆளே திருப்பிக் குடுத்துட்டாரு. ஜெபம்டி!"

"ஆன்ட்டி, அந்த புக்கு அச்சாகிப் பல வருஷம் ஆச்சு."

"நமக்குத்தான் முன்ன பின்ன. கர்த்தருக்கு ஏது?" என்றவர், கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "இதுக்கு ரெண்டாவது பாகம் இருக்குதா?"

"இல்ல ஆன்ட்டி, இதோட கதை முடிஞ்சுது."

"ஸ்தோத்திரம். என் உடம்பு தாங்காது." ஊறுகாய் பாட்டிலைத் திறக்கும் சத்தம் போனிலேயே கேட்டது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால், "மரெல்லா வந்துட்டுப் போனா" என்பார் அம்மா. போன மாதம் என் கல்யாணத்துக்காக ஜெபக் குறிப்பு கொடுத்தேன். பாஸ்டர் மைக்கில் மாப்பிள்ளையின் பெயரை வாசித்துவிட்டு நிறுத்தினார்.

"சிஸ்டர், இவருக்கு ஆதார் கார்டு இருக்குதா?"

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து நின்று, பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். அதைச் சரிபார்த்து, ஆள் நெசம்தான் என்று சொன்னவர் ஸ்டெல்லா ஆன்ட்டி.